‘எந்தப் பேட் போட்டாலும் பிடிக்கும்’ என்பவர்களுக்கு

தாம்பரம் கேம்ப் ரோட்டிலிருந்து பல்லாவரம் வரை எந்த ஸ்பேர்ஸ் கடைக் கவுன்ட்டரில் நின்றாலும் ஒரு வாதம் காதில் விழும். “ஊருக்குள்ள நாற்பதுல ஓடுற வண்டி சார். இதுக்கு எந்த பிரேக் பேட் போட்டா என்ன? பிரேக் பிடிக்கணும், அவ்வளவுதான்.” கடைக்காரர் சொல்வார், மெக்கானிக் சொல்வார், பத்து வருடமாக ஒரே காரை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். வாங்க வந்தவருக்கும் அது கேட்க இதமாக இருக்கும். செலவு பாதியாகக் குறைகிறதே. இந்த வாதம் அடி முதல் நுனி வரை தவறு.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவோம். அவர்கள் சொல்வது இதுதான். ஊருக்குள் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் பிரேக்கின் வேலையும் குறைவு. கார் கம்பெனி எதுவும் பேடைத் தானே செய்வதில்லை. லைனிங் தயாரிப்பவரிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விலையை ஏற்றி விற்கிறது. டிஸ்க் என்பது வார்ப்பிரும்புத் தட்டு; கோடு விழுந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். பேட் தேய்ந்தால் அதுவே கத்திச் சொல்லும். இப்போது எல்லாக் காரிலும் ஏபிஎஸ் வேறு இருக்கிறது. ஷோரூமில் விட்டால் பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து எஸ்டிமேட் போட்டுத் தலையில் கட்டிவிடுவார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சான்று: “இருபது வருஷமா இதைத்தான் போடுறேன், ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லை.”

இதில் உண்மைகள் உண்டு. கார் கம்பெனிகள் பேடை வெளியே வாங்குவது உண்மை. கம்பெனிப் பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதும் உண்மை. பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கை மாற்றத் தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து “எதைப் போட்டாலும் ஒன்றுதான்” என்ற முடிவு பிறக்கவே பிறக்காது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நாற்பது மெதுவான வேகம் என்று யார் சொன்னது?

மணிக்கு 40 கி.மீ. என்றால் வினாடிக்கு 11 மீட்டர். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சிறிய கார் ஒன்று. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நிறுத்தும் வேலையில் எழுபது சதவீதம் போல முன் சக்கரங்களுடையது. முன்பேடின் உராய்வு முப்பது சதவீதம் குறைகிறது என்று வைப்போம். பின் டிரம் மாறாமல் இருப்பதால் மொத்தத்தில் இருபது சதவீதம் போலத்தான் குறையும். “இருபதுதானே” என்று தோன்றும்.

இப்போது இரண்டு கார்கள் நாற்பதில் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் இரு ஓட்டுநர்களும் பிரேக்கை மிதிக்கிறார்கள். நல்ல பேட் போட்ட கார் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடுகிறது. அது நின்ற புள்ளியை மற்ற கார் என்ன வேகத்தில் கடக்கும்? 18 கி.மீ. பிரேக் விசை இருபது சதவீதம் குறைந்தால், முதல் வண்டி நின்ற இடத்தில் இரண்டாவது வண்டியிடம் தொடக்க வேகத்தில் 45 சதவீதம் மிச்சம் இருக்கும். வேகத்தின் வர்க்கத்தில் இருக்கிறது சூத்திரம். அறுபதில் வந்திருந்தால் மிச்சம் 27 கி.மீ.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையைக் குறுக்கே கடக்கும் ஒருவருக்கு, கார் காலடியில் நிற்பதற்கும் 18 கி.மீ. வேகத்தில் முழங்காலில் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ‘இருபது சதவீதம்’தான். நெடுஞ்சாலையில் இடைவெளி விட்டு ஓட்டுகிறோம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு மீட்டர் இருந்தால் அதில் ஒரு ஸ்கூட்டர் நுழைந்துவிடுகிறது. இடைவெளி குறைந்த இடத்தில்தான் பேடின் தரம் கூடுதலாக வேண்டும். “ஊருக்குள்தானே” என்ற வாதம் தன் காலிலேயே விழுகிறது.

2. ‘கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போச்சு’

இதுதான் அடுத்து வரும் பதில். பேட் மந்தமாக இருந்தால் காலால் ஈடுகட்டலாமாம். தினசரி சிக்னலில் நிற்கும்போது ஈடுகட்டலாம், தெரிந்தே செய்கிறோம். ஆனால் பேடின் தரம் நமக்குத் தேவைப்படுவது சிக்னலில் இல்லை, யாரோ ஒருவர் திடீரென்று குறுக்கே வரும் அந்த ஒரு வினாடியில். அந்த வினாடியில் மனிதர்கள் எப்படி மிதிக்கிறார்கள் என்பது கார்த் தொழிலுக்கு நன்றாகத் தெரியும்: வேகமாகக் காலை வைப்பார்கள், ஆனால் முழு பலத்தோடு அழுத்த மாட்டார்கள். மெர்சிடிஸ் நிறுவனம் சிமுலேட்டரில் ஓட்டுநர்களை வைத்துப் பார்த்து இதைக் கண்டுகொண்டு, மிச்ச அழுத்தத்தை இயந்திரமே போடும் ‘பிரேக் அசிஸ்ட்’ என்ற ஏற்பாட்டை 1996இல் கொண்டுவந்தது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. அங்கே மிச்சத்தைப் போட யாரும் இல்லை.

ஏபிஎஸ் காப்பாற்றும் என்பதும் இதே வகை நம்பிக்கை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் அது கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் ஏபிஎஸ் செய்வது ஒன்றே ஒன்று: சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிரேக் பிடித்தால் அதைத் தளர்த்திவிடும். பேடிடம் இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது. மந்தமான பேடில் சக்கரம் பூட்டும் நிலைக்கே போகாது. ஏபிஎஸ்ஸுக்கு வேலையே வராது.

3. ‘ஊருக்குள் மட்டும்’ ஓடும் கார் எது?

திங்கள் முதல் வெள்ளி வரை சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வரும் அதே கார், சனிக்கிழமை காலையில் ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் திண்டிவனத்தை நோக்கி நூறில் போகிறது. நாற்பதில் நிறுத்துவதைவிட நூறில் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஆறு மடங்குக்கும் மேல். மே மாதம் அதே கார் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. துணிச்சல்காரர்கள் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் போகிறார்கள். மலையிறக்கத்தில் பேட் சூடேறும். மட்டமான பேடில் சேர்மானத்தைப் பிணைக்கும் பிசின் சூட்டில் சிதைந்து உராய்வு சரியும். மிதிக்க மிதிக்க வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி யாரும் பேட் மாற்றிவிட்டுக் கிளம்புவதில்லை. வண்டி போகும் மிகக் கடினமான பயணத்துக்குத் தாங்குவதைத்தான் எல்லா நாளும் மாட்டியிருக்க வேண்டும்.

4. ‘எல்லாம் ஒரே ஃபேக்டரி சரக்கு’

இந்த வாதத்தை வேறு ஊரில் சொன்னால்கூட மன்னிக்கலாம். சென்னை பிரேக் தொழிலின் தலைநகரங்களில் ஒன்று. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில். சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பாடியில். ராணேயின் பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூரில். ஊரின் வடமேற்கே செய்ததை ஊரின் தெற்கே இருந்துகொண்டு “எல்லாம் ஒன்றுதான்” என்கிறோம்.

ஒரு ஃபேக்டரியில் செய்வதாலேயே எல்லாப் பேடும் ஒன்றாகிவிடாது. பேடின் முகத்தில் ஒட்டியிருக்கும் ‘லைனிங்’ என்ற கறுப்புப் பொருள் பத்து இருபது சேர்மானங்கள் கலந்தது: பிணைக்கும் பிசின், நார்கள், உலோகத் தூள், கிராஃபைட், தேய்மானத்தையும் சத்தத்தையும் அடக்கும் தூள்கள். அதில் ஒன்று முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து வருகிறது. முந்திரி உடைக்கும் பண்ருட்டிக்காரர்களுக்குக் கையைப் புண்ணாக்கும் அதே எண்ணெய். எந்தக் காருக்கு எந்த விகிதம் என்பது காரின் எடை, டிஸ்க்கின் அளவு, பேடை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பர் பிஸ்டனின் விட்டம், பின் பிரேக்கோடு உள்ள பங்கீடு எல்லாவற்றையும் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது.

கார் ஒன்றை விற்பதற்கு முன் அதன் பிரேக்கைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அப்படிச் சோதிக்கும் ஆராய்ச்சி மையம் ஒன்று தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, முடிச்சூர், படப்பை தாண்டி ஒரகடத்தில் இருக்கிறது. சோதனையில் தேறியது அந்தக் காரும் அதில் இருந்த பேடும் சேர்ந்துதான். கவுன்ட்டரில் பெயர் தெரியாத பேடை வாங்கி மாட்டிய நிமிடத்திலிருந்து, யாரும் சோதித்திராத ஒரு பிரேக்கை நாம் ஓட்டுகிறோம். ஐரோப்பாவில் மாற்றுப் பேடுகளுக்கென்றே ‘ஆர்90’ என்று ஒரு விதி உண்டு: அசல் பேடின் செயல்திறனிலிருந்து மேலும் கீழும் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மேலே போனாலும் தவறுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பொருத்தம்தான் அங்கே அளவுகோல். இங்கே கவுன்ட்டரில் கேட்கும் ஒரே கேள்வி, “கம்பெனி வேணுமா, லோக்கல் வேணுமா?”

இந்தக் கேள்வியே தப்பு. கார் கம்பெனிகளுக்கு லைனிங் கொடுக்கும் தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில், அந்த மாடலுக்கென்றே விற்கும் பேட் மூன்றாவது வழி. பல நேரம் ஷோரூம் பெட்டியைவிட விலை குறைவு. எதிர்த்தரப்பு சொல்லும் “கம்பெனியும் வெளியேதான் வாங்குகிறது” என்ற உண்மையிலிருந்து வரவேண்டிய முடிவு இதுதான்: தயாரித்தவர் யார் என்று பார். அவர்கள் வந்து நிற்பதோ, யார் தயாரித்தாலும் சரி என்ற முடிவில்.

5. ‘தேய்ந்தால் தானே கத்தும்’

கத்தும், கத்த வேண்டிய தகடு இருந்தால். பேடின் ஓரத்தில் வளைந்த ஒரு சின்ன எஃகுத் தகடு உண்டு. லைனிங் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கிரீச்சிடும். பல கார்களில் ஒரு சக்கரத்துக்கு ஒரு பேடில் மட்டும்தான் அது இருக்கும். காலிப்பர் சறுக்கி நகரும் ‘பின்’ (pin) துருப்பிடித்து இறுகிவிட்டால் உள் பேட் ஒரு வேகத்திலும் வெளிப் பேட் ஒரு வேகத்திலும் தேயும். தகடு இல்லாத பக்கம் முதலில் தீர்ந்தால் சத்தமே வராது. மலிவுப் பேடுகளில் செலவைக் குறைக்க அந்தத் தகட்டையே விட்டுவிட்ட செட்டுகளும் கிடைக்கின்றன.

அடுத்து வருவது கிரீச் இல்லை, கரகரப்பு. லைனிங் முழுவதும் போய், பின்னாலுள்ள எஃகுத் தட்டே டிஸ்க்கைச் சுரண்டும் சத்தம் அது. ஏர் ஹாரன் அடிக்கும் பேருந்துக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் நடுவே அதைக் கேட்டு இறங்கும்போது டிஸ்க் போயிருக்கும். பேடில் மிச்சம் பிடித்தவர் டிஸ்க்குக்குக் கட்டுகிறார். காதை நம்புவதைவிட, ஒவ்வொரு சர்வீஸிலும் சக்கரத்தைக் கழற்றி நான்கு பேடின் தடிமனையும் பார்க்கச் சொல்வது எளிது. டயர் ரொட்டேஷனுக்குச் சக்கரத்தை எப்படியும் கழற்றுகிறார்கள்.

6. ‘டிஸ்க் வெறும் இரும்பு, கடைந்தால் போச்சு’

இங்கே இரண்டு எதிரெதிர்த் தவறுகள் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஒருவர் கோடு விழுந்த டிஸ்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு லேத்துக்கு அனுப்புகிறார். இன்னொருவர் பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கையும் தூக்கிப்போடச் சொல்கிறார். இருவரும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பதில்லை.

பெரும்பாலான டிஸ்க்குகளின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கைக் கடைவது வீண். அதற்கு மேலே இருந்து, முகமும் சீராக இருந்தால் மாற்றுவது வீண். கடைந்த பிறகு அந்த எண்ணுக்குக் கீழே போகுமென்றால் கடையவே கூடாது. டிஸ்க் மெலிந்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைகிறது. பிஸ்டன் கூடுதலாக வெளியே வர வேண்டியிருக்கிறது.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஓடித் தேய்ந்த டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு மேடு தட்டுப்படும். பேட் தொடாத அந்த விளிம்பு தேயாமல், துருவோடு புதிதுபோல நிற்கும். பட்டறையில் வெர்னியரை வைத்தால் அதன் தாடை அந்த மேட்டின்மீதுதான் உட்காரும். நடுவில் இரண்டு மில்லிமீட்டர் போயிருந்தாலும் அளவு “சூப்பரா இருக்கு சார்” என்று வரும். மைக்ரோமீட்டரால் மேட்டுக்கு உள்ளே அளக்க வேண்டும். அது இல்லையென்றால் மேட்டுக்குள்ளே இரு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து, அவற்றின்மேல் வெர்னியரால் அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளலாம்.

“பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் ஆடுது, டிஸ்க் கோணிடுச்சு” என்ற தீர்ப்பும் அவசரத் தீர்ப்புதான். பல வண்டிகளில் டிஸ்க் கோணியிருக்காது. இடத்துக்கு இடம் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறியிருக்கும். அந்த அளவு போதும் ஸ்டீயரிங் ஆட. ஹப்பின் முகத்தில் துருவைச் சுரண்டாமல் டிஸ்க்கை மாட்டியதும், ஏர் கன்னால் வீல் நட்டுகளைக் கண்டபடி இறுக்கியதும்கூட அதற்குக் காரணமாகலாம். அந்தத் துரு அப்படியே இருக்க, புது டிஸ்க் வாங்கி மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆட்டம் திரும்ப வரும். அப்போது பழி புது டிஸ்க்கின்மீது விழும்.

7. இந்த ஊரின் தண்ணீரையும் காற்றையும் கணக்கில் எடுத்தது யார்?

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றன. அந்தத் தண்ணீரில் நின்ற ஒவ்வொரு காரின் காலிப்பருக்குள்ளும் சேறு போயிருக்கும். பாலவாக்கத்திலும் ஈஞ்சம்பாக்கத்திலும் வெள்ளம் வராத நாளிலும் கடற்காற்றின் உப்பு இருக்கிறது.

மட்டமான பேடின் எஃகுத் தட்டில் பெயின்ட் மேலோட்டமாகத்தான் இருக்கும். அதன் ஓரத்தில் தொடங்கும் துரு லைனிங்குக்கு அடியில் புகுந்து, உப்பி, லைனிங்கைத் தட்டிலிருந்து தூக்கிவிடும். தடிமன் பாதிக்கு மேல் இருக்கும்போதே லைனிங் துண்டாகப் பெயர்ந்து விழுவது இப்படித்தான். விலையில் வித்தியாசம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்: நல்ல தயாரிப்பில் அந்தத் தட்டின் பூச்சுக்கும் ஒட்டுக்கும் போகிறது.

பிரேக் ஆயிலும் இதில் சேர்த்தி. காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205இலிருந்து 140. மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். எந்தப் பேட் இருந்தும் பயனில்லை. குறைந்தால் டாப் அப் செய்வது மட்டும் பராமரிப்பு ஆகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுவதுதான் சென்னைப் புழுக்கத்துக்குச் சரி.

8. ‘இருபது வருஷ அனுபவம்’ எதை நிரூபிக்கிறது?

மெக்கானிக் அண்ணனின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடம் திரும்பி வருவது யார்? ஒன்றும் ஆகாதவர்கள். பின்னால் இடித்த வண்டி நேரே டிங்கரிங் பட்டறைக்குப் போகிறது. அங்கே பம்பரை நிமிர்த்துவார்கள். பேடின் உராய்வை யாரும் அளப்பதில்லை. வழக்கு ஆனாலும் “அதிவேகம், கவனக்குறைவு” என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடும். மந்தமான பேட் எந்தப் பதிவேட்டிலும் குற்றவாளியாக ஏறுவதில்லை. குற்றம் பதிவாகாததைக் குற்றம் நடக்காததற்குச் சான்றாகக் காட்டுவது வாதம் ஆகாது.

இதே அனுபவத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. அதைக் கொடுப்பவர் மெக்கானிக்கே. பழைய பேடைக் கழற்றியதும் ஏர் பைப்பை வைத்துத் தூசியை ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். சேர்மானம் எழுதாத பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்த நார் நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழும்பக்கூடியது. பட்டறையில் வேலை கற்கும் பையன்தான் அந்தத் தூசிக்கு மிக அருகில் குனிந்திருக்கிறான்.

9. ‘அப்போ இருப்பதிலேயே விலை கூடினதைப் போட்டுடுறேன்’

வேண்டாம். இது அதே தவறின் மறுபக்கம். பந்தயப் பேட், ‘ஸ்போர்ட்ஸ்’ பேட் என்று விற்கப்படும் சில வகைகள் நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுப் பிடியைத் தரும். மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் டிஸ்க் அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஆயிரங்களைக் கொடுத்து, காலையில் முதல் மிதிக்குப் பிடிக்காத பேடை வாங்கியிருப்போம். உலோகம் அதிகம் சேர்ந்த பேட் கடுமையாகப் பிடிக்கும். டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும், சத்தமும் போடும். ‘செராமிக்’ என்ற சொல்லைப் பெட்டியில் அச்சடித்திருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது உங்கள் காருக்குப் பொருந்திவிடாது.

சில பேட்களின் தட்டில் ஒரு குறியீட்டு வரி இருக்கும். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கூடுதல் சூட்டில். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் அதற்கும் மேலே 0.55 வரை. பழைய அசல் பேடில் ‘எஃப்-எஃப்’ இருந்து, புதிதாக நீட்டப்படுவதில் ‘இ’ இருந்தால் கேள்வி கேட்கக் காரணம் இருக்கிறது. ஆனால் இது சிறு துண்டை வைத்துச் செய்யும் சோதனை. தேய்மானத்தையோ ஒட்டின் உறுதியையோ சொல்லாது. எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே பேட் ஒன்றாகிவிடாது.

பொருத்துவதும் இதில் அடக்கம். எத்தனை நல்ல பேட் வாங்கினாலும், சறுக்குப் பின்களைக் கழற்றித் துடைத்து அதற்குரிய கிரீஸ் தடவாமல், கிளிப்புகளை மாற்றாமல், “பத்து நிமிஷ வேலை” என்று முடித்தால் பாதிப் பணம் வீண். புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். விடிகாலையில் காலியான சாலையில் ஐம்பதிலிருந்து பத்துக்கு மிதமாகக் குறைப்பதைப் பத்து இருபது முறை, நடுவே ஆறவிட்டு, முழுதாக நிறுத்தாமல் செய்ய வேண்டும். முதல் நூறு கிலோமீட்டருக்கு இடைவெளி கூடுதலாக விட வேண்டும்.

10. ‘என் வண்டி, என் காசு’

கடைசியாக வருவது இது, மற்ற எல்லா வாதமும் தோற்ற பிறகு. இன்ஜின் ஆயிலில் மிச்சம் பிடியுங்கள்; இன்ஜின் போனால் உங்களுடையது போகிறது. சீட் கவரில் மிச்சம் பிடியுங்கள். பிரேக் பேடில் மிச்சம் பிடித்தால் அந்த மிச்சம் உங்கள் பையில் விழுகிறது. அதன் ஆபத்து பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு ஓடும் பெண்மீதும், முன்னால் போகும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைமீதும் விழுகிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. லாபம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் என்று பிரிந்துவிட்ட இடத்தில் “என் விருப்பம்” என்ற சொல்லுக்கு இடமில்லை.

வாடகை டாக்சி ஓட்டுபவர்கள் கேட்கலாம், “கமிஷன் போக மிஞ்சுவதில் நாங்கள் எங்கே போவது?” நியாயமான கேள்வி. நாள் முழுதும் ஓடும் அவர்களுக்குத்தான் கணக்கும் சாதகமாக இருக்கிறது: மலிவுப் பேட் சீக்கிரம் தேயும், டிஸ்க்கையும் தின்னும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூலியும் அரை நாள் ஓட்டமும் போகும். கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று போட்டுப் பார்த்தால் கவுன்ட்டரில் தெரிந்த மிச்சம் காணாமல் போய்விடும்.

ஆக, கடையில் கேட்க வேண்டியவை நான்கு. தயாரித்தது யார், அந்தப் பெயரும் எண்ணும் பெட்டியில் மட்டும் இல்லாமல் பேடின் தட்டிலும் இருக்கிறதா? என் காரின் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய எண்ணா இது? ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுதியிருக்கிறதா? பில் உண்டா? பட்டறையில் கேட்க வேண்டியவை இரண்டு. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு, இப்போது எவ்வளவு? பின்களைக் கழற்றிக் கிரீஸ் போட்டீர்களா?

இவற்றுக்குப் பதில் சொல்லும் கடைகளும் பட்டறைகளும் இந்தப் பக்கம் இருக்கின்றன. அவர்கள் கேட்கும் கூடுதல் சில நூறு ரூபாயைக் கொடுங்கள். “எல்லாம் பிடிக்கும் சார்” என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்: எத்தனை மீட்டரில்?